ரவுட்டர் நெட்வொர்க் வழியாக பூட் ஆகவில்லையா? கடைசியாகப் பேசியது யார் என்று பாருங்கள்

ரவுட்டரின் ஃபர்ம்வேர் (அதை இயக்கும் உள் மென்பொருள்) கெட்டுப்போனாலும், ஓப்பன்வர்ட் மாதிரி வேறொரு ஃபர்ம்வேரை முதல் தடவை ஏற்ற வேண்டியிருந்தாலும், பல மாடல்களில் நெட்வொர்க் பூட்தான் வழி. லேப்டாப்பில் ஒரு சர்வரை ஓடவிட்டு, ரீசெட் பட்டனை அழுத்திக்கொண்டே ரவுட்டருக்கு மின்சாரம் கொடுத்தால், அது லேப்டாப்பிலிருந்து கோப்பை இழுத்துக்கொண்டு பூட் ஆக வேண்டும். பல நேரம் ஆகாது. லைட் மட்டும் மினுக்கிக்கொண்டே இருக்கும்.

அப்போது புதியவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். கேபிளை மாற்றுவார்கள், வேறு ஃபர்ம்வேரை இறக்குவார்கள், சர்வர் மென்பொருளையும் மாற்றுவார்கள், பட்டனை இன்னும் கொஞ்ச நேரம் அழுத்திப் பார்ப்பார்கள். இப்படிச் செய்தால் எது சரியாக இருந்தது, எது கெட்டிருந்தது என்று கடைசி வரை தெரியாது. ஏற்கெனவே சரியாக இருந்த ஒன்றையும் நாமே கெடுத்துவிட வாய்ப்பு உண்டு.

நெட்வொர்க் பூட்டில் ரவுட்டரும் லேப்டாப்பும் ஒரு குறிப்பிட்ட வரிசையில் பேசிக்கொள்கின்றன. அந்தப் பேச்சை நம்மால் ஒட்டுக்கேட்க முடியும். கடைசியாகப் பேசியது யார், பதில் சொல்லாமல் விட்டது யார் என்று தெரிந்துவிட்டால், கோளாறு எந்த இடத்தில் என்பதும் தெரிந்துவிடும். கீழே உள்ள எல்லாமே இந்த ஒரு வேலைக்காகத்தான்.

உங்கள் ரவுட்டர் எந்த வகை?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் தொடாதீர்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும், உள்ளே நடப்பது ரவுட்டருக்கு ரவுட்டர் வேறு.

முதல் வகை, கேட்டு வாங்கும் ரவுட்டர். மைக்ரோடிக் நிறுவனத்தின் ரவுட்டர் இதற்கு நல்ல உதாரணம். மின்சாரம் வந்ததும் அதன் பூட்லோடர் (ஃபர்ம்வேருக்கு முன்னால் எழுந்து அதை ஏற்றும் சின்ன நிரல்), "எனக்கு ஒரு ஐபி முகவரி வேண்டும், எந்தக் கோப்பை எடுக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்" என்று கேபிளில் பொதுவாகக் கேட்கும். பூட்பி அல்லது டிஹெச்சிபி (இரண்டும் ஐபி முகவரி கொடுக்கும் நெறிமுறைகள்) வழியாக இதற்குப் பதில் போக வேண்டும். பதில் கிடைத்தால், அதில் சொன்ன கோப்பை டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற நெறிமுறை வழியாக இழுக்கும்.

இரண்டாவது வகை யாரிடமும் முகவரி கேட்காது. தன் முகவரி, சர்வரின் முகவரி, கோப்பின் பெயர் மூன்றும் பூட்லோடருக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். டிபி-லிங்க் ஆர்ச்சர் வரிசையில் பல மாடல்கள் 192.168.0.66 என்ற முகவரியில் ஒரு சர்வர் இருக்கும் என்று நம்பி நேராக அங்கே போய்க் கேட்கும். லேப்டாப்புக்கு அந்த முகவரியைக் கொடுத்தே ஆக வேண்டும். 192.168.0.65 என்று வைத்தால்கூட அதன் கண்ணில் படாது.

மூன்றாவது வகையில் வேலை தலைகீழ். ரவுட்டரே சர்வராக உட்கார்ந்திருக்கும். நீங்கள்தான் லேப்டாப்பிலிருந்து கோப்பைத் தள்ள வேண்டும். ஏசஸ் ரவுட்டர்களின் மீட்பு முறை இப்படித்தான். பழைய லிங்க்ஸிஸ், பஃபலோ மாடல்கள் பலவும் இப்படித்தான். இந்த வகையில் லேப்டாப்பில் சர்வரை ஓடவிட்டுக் காத்திருந்தால் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் அங்கே இரண்டு பக்கமும் மற்றவர் பேசட்டும் என்று காத்திருக்கும்.

ஓப்பன்வர்ட் தளத்தில் பெரும்பாலான மாடல்களுக்கு ஒரு பக்கம் உண்டு. அதில் எந்த வகை, எந்த முகவரி, எந்தப் பெயர், எந்த போர்ட் என்று இருக்கும். படிக்கும்போது மாடல் பெயரோடு நிறுத்திவிடாமல், ரவுட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள பதிப்பு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டாம் பதிப்பும் ஐந்தாம் பதிப்பும் உள்ளே வேறு வேறு சிப்போடு வரும். முகவரியும் கோப்புப் பெயரும்கூட மாறும்.

இந்த நெறிமுறைகள் எல்லாம் மிகப் பழையவை. பூட்பி 1985-ல் வந்தது, டிஎஃப்டிபியின் இன்றைய வடிவம் 1992-ல் வரையறுக்கப்பட்டது. பூட்லோடருக்கு இருக்கும் சின்ன இடத்தில் அடங்கிவிடும் அளவுக்கு எளிமையானவை என்பதால்தான் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அந்த எளிமையால் நமக்கு ஒரு கஷ்டமும் உண்டு. தோற்றுப்போனால் ரவுட்டர் காரணம் சொல்லாது, பேசாமல் நின்றுவிடும். கேபிளில் என்ன போகிறது என்று நாமே பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிடுங்கள். சர்வர் மென்பொருள் வைஃபை பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அடிக்கடி நடக்கிற விஷயம். டிஎஃப்டிபிடி64 மாதிரியான சர்வர் மென்பொருளில் எந்த நெட்வொர்க் கார்டில் கேட்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கும். அங்கே கம்பி வழி கார்டுதான் இருக்கிறதா என்று பாருங்கள். மெய்நிகர் கணினி மென்பொருள், விபிஎன் எல்லாம் தங்களுக்கென்று தனி கார்டுகளை உருவாக்கி வைத்திருக்கும். அவற்றையும் இப்போதைக்கு முடக்கிவிடலாம்.

கம்பி வழி கார்டுக்கு ஐபி முகவரியைக் கையால் கொடுங்கள். சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே தேவையில்லை.

அப்புறம், லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவில் ஒரு சாதாரண ஸ்விட்ச் வையுங்கள். அமைப்பு எதுவும் இல்லாத, விலை குறைந்த ஐந்து போர்ட் ஸ்விட்ச் போதும். புதியவர்களுக்கு நான் ஒரே ஒரு அறிவுரைதான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். நேரடியாக இணைத்தால், ரவுட்டரை அணைக்கும்போதெல்லாம் லேப்டாப்பின் கார்டும் "கேபிள் இல்லை" என்ற நிலைக்குப் போய்விடும். நீங்கள் கொடுத்த முகவரியை இயங்குதளம் அந்த நேரத்தில் எடுத்துவிடக்கூடும். ரவுட்டருக்கு மறுபடி மின்சாரம் கொடுத்ததும் இணைப்பு ஏற்பட்டு, வேகத்தைப் பேசி முடித்து, முகவரி திரும்பி வருவதற்குள் சில விநாடிகள் போய்விடும். பூட்லோடர் உதவி கேட்பதும் அதே சில விநாடிகளில்தான். நடுவில் ஸ்விட்ச் இருந்தால் லேப்டாப்பின் இணைப்பு அறுபடாது, அது எப்போதும் தயாராக இருக்கும்.

மேலாண்மை வசதியுள்ள பெரிய ஸ்விட்ச் இந்த வேலைக்கு வேண்டாம். அதில் ஸ்பானிங் ட்ரீ (நெட்வொர்க்கில் பாக்கெட்டுகள் முடிவில்லாமல் சுற்றுவதைத் தடுக்கும் ஏற்பாடு) ஓடிக்கொண்டிருந்தால், புதிதாக உயிர்பெற்ற போர்ட்டில் எதையும் கடத்தாமல் 15 விநாடி கவனிக்கும், இன்னொரு 15 விநாடி கற்றுக்கொள்ளும். மொத்தம் 30 விநாடி ஆவதற்குள் உங்கள் ரவுட்டர் கேட்டு, பதில் வராமல், நம்பிக்கை இழந்து, பழைய ஃபர்ம்வேருக்கே போயிருக்கும். வேறு ஸ்விட்ச் இல்லை என்றால் அந்த போர்ட்டில் மட்டும் ஸ்பானிங் ட்ரீயை நிறுத்துங்கள்.

ரவுட்டரில் எந்த போர்ட்டில் சொருகுவது என்பதும் முக்கியம். பூட்லோடர் எல்லா போர்ட்டையும் எழுப்பாது. மைக்ரோடிக்கில் பெரும்பாலும் முதல் போர்ட், அல்லது பூட் என்று அச்சடித்த போர்ட். பல வீட்டு ரவுட்டர்களில் லேன் போர்ட்டில் (வீட்டுக் கருவிகளுக்கானது) மட்டும்தான் வேலை செய்யும், வான் போர்ட்டில் (இணைய இணைப்புக்கானது) ஒரு பாக்கெட்கூட, அதாவது ஒரு தரவுத் துண்டுகூட வராது.

வயர்ஷார்க்கைத் திறங்கள்

இப்போது லேப்டாப்பில் வயர்ஷார்க்கை (கேபிளில் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் மென்பொருள்) நிறுவி, கம்பி வழி கார்டைத் தேர்ந்தெடுத்து, பதிவைத் தொடங்குங்கள். தொடக்கத்தில் வடிகட்டி எதுவும் போட வேண்டாம். கேபிளில் இருப்பது இரண்டே இயந்திரங்கள், பாக்கெட்டுகள் கண்ணில் அடங்கும் அளவுக்குத்தான் இருக்கும்.

லேப்டாப்பும் தன் பங்குக்கு ஏதாவது அனுப்பிக்கொண்டே இருக்கும். அதை ரவுட்டரின் பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். ரவுட்டரின் ஸ்டிக்கரில் அச்சடித்த மேக் முகவரியை (நெட்வொர்க் கருவிக்குத் தொழிற்சாலையில் கொடுத்த அடையாள எண்) பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பூட்லோடரின் மேக் முகவரி கடைசி ஒன்றிரண்டு எழுத்துகளில் வேறுபடலாம். முதல் பாதி தயாரிப்பாளரைக் குறிப்பது என்பதால், வயர்ஷார்க் அந்த இடத்தில் நிறுவனத்தின் பெயரையே காட்டிவிடும்.

கேட்டு வாங்கும் வகை ரவுட்டர் ஒழுங்காக பூட் ஆனால் திரையில் என்ன வரும் என்று பார்ப்போம்.

முதலில் 0.0.0.0 என்ற முகவரியிலிருந்து 255.255.255.255-க்கு ஒரு கோரிக்கை வரும். தனக்கு முகவரி இல்லாத இயந்திரம், யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் எல்லோரையும் கூப்பிடுகிறது. அடுத்த வரியில் லேப்டாப்பின் பதில் இருக்கும். அதைச் சொடுக்கித் திறந்தால், ரவுட்டருக்கு ஒதுக்கிய முகவரியும் பூட் கோப்பின் பெயரும் உள்ளே தெரியும். அடுத்து, "192.168.1.10 யாரிடம் இருக்கிறது?" என்று லேப்டாப்பின் முகவரியைச் சொல்லி ரவுட்டர் கேட்கும் ஏஆர்பி கேள்வி (ஒரு ஐபி முகவரிக்கு உரிய மேக் முகவரியைத் தேடுவது); "என்னிடம்தான்" என்று லேப்டாப்பின் பதில். அதன்பின் டிஎஃப்டிபி வாசிப்புக் கோரிக்கை, கோப்பின் பெயரோடு. அதைத் தொடர்ந்து தரவுத் தொகுதி 1, ஒப்புகை 1, தரவுத் தொகுதி 2, ஒப்புகை 2 என்று மழைபோல் வரிகள் ஓடும். கடைசித் தொகுதி மற்றவற்றைவிடச் சிறியதாக இருக்கும். கோப்பு முடிந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

இரண்டாவது வகையில் முதல் இரண்டு வரிகள் இருக்காது, ஏஆர்பி கேள்வியிலிருந்தே தொடங்கும். சரி, உங்கள் திரையில் எந்த வரியோடு நின்றது? அதற்கேற்ப கீழே போங்கள்.

ஒன்றுமே வரவில்லை என்றால்

ரவுட்டரின் மேக் முகவரியிலிருந்து ஒரு பாக்கெட்கூட இல்லை என்றால், சர்வரையும் ஃபர்ம்வேர் கோப்பையும் சந்தேகிக்காதீர்கள். பேச்சே தொடங்கவில்லை, அவற்றுக்கு இதில் வேலையே இல்லை. பார்க்க வேண்டியவை போர்ட், பட்டன், மின்சாரம் மூன்றும்தான்.

பட்டனை மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே அழுத்திப் பிடிக்க வேண்டும். பல மாடல்களில் எவ்வளவு நேரம் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்து வெவ்வேறு வேலை நடக்கும். மைக்ரோடிக்கில் லைட் மினுக்கத் தொடங்கியதும் விட்டால் அமைப்புகள் அழிந்துவிடும். இன்னும் சில விநாடி பிடித்தால் கேப் என்ற, நமக்கு இங்கே தேவையில்லாத வேறொரு முறைக்குப் போகும். லைட் அணையும் வரை, அல்லது லேப்டாப் திரையில் ரவுட்டர் தென்படும் வரை பிடித்துக்கொண்டே இருந்தால்தான் நெட்வொர்க் பூட். சீக்கிரமாக விட்டுவிடுவதுதான் இங்கே வழக்கமான கோளாறு. விநாடிகளை எண்ணுவதைவிட வயர்ஷார்க் திரையைப் பார்த்துக்கொண்டே பிடியுங்கள். முதல் கோரிக்கை வந்ததும் விடலாம்.

பட்டனைச் சரியாகப் பிடித்தும் பலன் இல்லை என்றால், மற்ற போர்ட்டுகளில் ஒவ்வொன்றாகச் சொருகிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் அடாப்டரைக் கவனியுங்கள். வோல்ட் சரியாக இருந்தும் போதிய ஆம்பியர் தர முடியாத அடாப்டரில் ரவுட்டர் எழுந்து, விழுந்து, மறுபடி எழும். லைட் ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப மினுக்கினால் இந்தச் சந்தேகம் வர வேண்டும்.

கேட்கிறது, பதில் போகவில்லை என்றால்

0.0.0.0-லிருந்து கோரிக்கைகள் வந்துகொண்டே இருக்கின்றன, லேப்டாப் வாயைத் திறக்கவில்லை. இதைப் பார்த்தால் ஒரு வகையில் நிம்மதி அடையலாம்: ரவுட்டர் உயிரோடுதான் இருக்கிறது, பூட்லோடர் நன்றாக இருக்கிறது, கோளாறு முழுக்க உங்கள் லேப்டாப்பில்.

முதல் சந்தேகம் ஃபயர்வால். வயர்ஷார்க்கில் பாக்கெட் தெரிவதால் அது சர்வரைச் சென்றடைந்தது என்று அர்த்தமில்லை. வயர்ஷார்க் ஃபயர்வாலுக்கு முன்னாலேயே பார்த்துவிடுகிறது. விண்டோஸில் அறிமுகமில்லாத கம்பி இணைப்பு பெரும்பாலும் பொது நெட்வொர்க் என்று கருதப்படும், அதற்குக் கட்டுப்பாடு அதிகம். இந்த வேலை முடியும் வரை ஃபயர்வாலை முழுவதும் அணைத்துவிட்டு, முடிந்ததும் மறக்காமல் போடுவது நல்லது. வைஃபை ஏற்கெனவே அணைந்திருப்பதால் இதில் ஆபத்து குறைவு.

இரண்டாவது, சர்வர் உண்மையில் ஓடுகிறதா? லினக்ஸில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சர்வர் மென்பொருளைப் பயன்படுத்தினால், அது டிஎன்எஸ் சேவையையும் (தளப் பெயருக்கு ஐபி முகவரி சொல்வது) சேர்த்துத் தொடங்கப் பார்க்கும். அதற்குரிய 53-ஆம் போர்ட்டை (இது கேபிள் சொருகும் போர்ட் அல்ல, சேவைக்கு உரிய எண்) ஏற்கெனவே இயங்குதளத்தின் வேறொரு சேவை பிடித்து வைத்திருந்தால் டிஎன்எஸ்மாஸ்க் தொடங்காமலேயே நின்றுவிடும். போர்ட் எண்ணை 0 என்று கொடுத்தால் டிஎன்எஸ் பகுதி அணைந்துவிடும், நமக்கு அது தேவையும் இல்லை. 67, 69 எண் போர்ட்டுகளைத் திறக்க வேண்டியிருப்பதால் நிர்வாகி உரிமையோடு ஓட்ட வேண்டும்.

மூன்றாவதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். எல்லாம் சரியாக இருக்கும், சர்வரும் ஓடும், ஆனாலும் பதில் போகாது. கோரிக்கையைத் திறந்து பாருங்கள். டிஹெச்சிபிக்கு உரிய செய்தி வகை அதில் இல்லாவிட்டால், ரவுட்டர் பேசுவது பழைய பூட்பி. பூட்பியில் முகவரிக்குக் காலக்கெடு கிடையாது, ஒரு தடவை கொடுத்தால் கொடுத்ததுதான். அதனால் டிஎன்எஸ்மாஸ்க் தன் கையிருப்பிலிருந்து பூட்பி கேட்பவர்களுக்கு முகவரி தராது. பூட்பி டைனமிக் என்ற விருப்பத்தைச் சேர்த்தால்தான் தரும். மைக்ரோடிக்கோடு மல்லுக்கட்டுபவர்களில் பலர் சிக்கிக்கொள்வது இந்த ஒரு சொல் விடுபட்டதால்தான்.

பதில் போனது, கோப்பு கேட்கவில்லை என்றால்

லேப்டாப்பின் பதிலைத் திறந்து பாருங்கள். கோப்புப் பெயர் காலியாக இருக்கிறதா? சர்வர் முகவரி தவறா? வீட்டு இணைய ரவுட்டரும் இதே ஸ்விட்சில் சொருகப்பட்டிருந்தால் அதன் டிஹெச்சிபி முந்திக்கொண்டு பதில் சொல்லியிருக்கும். முகவரி கொடுத்திருக்கும், கோப்பைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்காது. ஸ்விட்சில் லேப்டாப்பும் இந்த ரவுட்டரும் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது.

இரண்டாவது வகை ரவுட்டரில் இதே நிலை வேறு உருவத்தில் வரும். "192.168.0.66 யாரிடம் இருக்கிறது?" என்ற ஏஆர்பி கேள்வி மட்டும் திரும்பத் திரும்ப வரும், யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். உங்கள் லேப்டாப்புக்கு அந்த முகவரி இல்லை என்று அர்த்தம். இதில் ஒரு நன்மை: உங்கள் மாடலைப் பற்றி எங்கும் தகவல் கிடைக்காவிட்டாலும், எந்த முகவரி வேண்டும் என்று ரவுட்டரே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறது. அதை லேப்டாப்புக்குக் கொடுங்கள். அடுத்த தடவை எந்தக் கோப்பு வேண்டும் என்பதையும் அதுவே சொல்லும்.

கோப்பு கேட்டது, கிடைக்கவில்லை என்றால்

இங்கே இரண்டு காட்சிகள் உண்டு. ஒன்றில் லேப்டாப் "கோப்பு இல்லை" என்ற பிழைச் செய்தியைத் திருப்பி அனுப்பும். வயர்ஷார்க்கில் ரவுட்டர் கேட்ட பெயரை அப்படியே நகலெடுத்து, உங்கள் கோப்புக்கு அந்தப் பெயரை வையுங்கள். லினக்ஸில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு. விண்டோஸில் கோப்பின் வால் பெயர் மறைந்திருப்பதால், நீங்கள் .bin என்று சேர்த்தால் அது .bin.bin என்று ஆகியிருக்கலாம். மறைப்பதை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பெயர் சரியாக இருந்தும் அனுமதி இல்லை என்று வந்தால், கோப்பை எல்லோரும் படிக்கும்படி 644 என்று அனுமதியை மாற்றுங்கள். கோப்பு இருக்கும் ஃபோல்டருக்குள் நுழைய சர்வருக்கு உரிமை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வீட்டு ஃபோல்டருக்குள் வைத்துவிட்டு அல்லாடுவதைவிட, சர்வருக்கென்று இருக்கும் ஃபோல்டரிலேயே வைப்பது சுலபம்.

இன்னொரு காட்சியில் எந்தப் பதிலும் இல்லை, அல்லது லேப்டாப் பதில் சொல்லியும் ரவுட்டர் வரை போகவில்லை. டிஎஃப்டிபியில் ஒரு வினோதம் இருக்கிறது. ரவுட்டர் 69-ஆம் போர்ட்டில்தான் கதவைத் தட்டும், ஆனால் சர்வர் பதிலை வேறொரு புதிய போர்ட்டிலிருந்து அனுப்பும். அதன்பின் மொத்தப் பரிமாற்றமும் அந்தப் புதிய போர்ட்டில்தான். ஃபயர்வாலில் 69-ஐ மட்டும் திறந்துவிட்டு, "திறந்துதானே வைத்திருக்கிறேன்" என்று குழம்புபவர்கள் அதிகம். முழுவதும் அணைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாதியில் நின்றால்

தொகுதிகள் ஓடிக்கொண்டிருந்து நடுவில் நின்றால், எந்த எண்ணில் நின்றது என்று பாருங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடம் என்றால் கேபிள், அடாப்டர் இரண்டையும் மாற்றிப் பாருங்கள். எப்போதும் ஒரே இடம், அதுவும் 65535-ஐ ஒட்டி என்றால் காரணம் வேறு. டிஎஃப்டிபி தொகுதி எண்ணுக்கு 16 பிட்தான் இடம். ஒரு தொகுதி 512 பைட் என்றால், 32 எம்பிக்கு மேல் எண்கள் தீர்ந்துவிடும். பெரிய தொகுதி அளவைப் பேசி ஏற்கும் வேறு சர்வரையோ, எண்ணை மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கத் தெரிந்த சர்வரையோ பயன்படுத்துங்கள்.

முழுதாக வந்தது, ஆனாலும் எழவில்லை என்றால்

கடைசித் தொகுதியும் போய்விட்டது, ஒப்புகையும் வந்தது, பிறகு அமைதி. நெட்வொர்க்கின் வேலை முடிந்துவிட்டது, இனி அதைத் தொடாதீர்கள். கோப்புதான் தவறு.

அநேகமாக நீங்கள் வைத்தது சிஸ்அப்கிரேட் கோப்பாக இருக்கும். ஓப்பன்வர்ட் ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று கோப்புகள் தருகிறது. நெட்வொர்க் வழியாக நினைவகத்தில் ஏற்றி ஓட்டுவதற்கு இனிட்ராம்எஃப்எஸ் என்று பெயரில் உள்ள கோப்புதான் வேண்டும். முழு இயங்குதளமும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும். சிஸ்அப்கிரேட் கோப்பு ஃபிளாஷில் (அணைத்தாலும் அழியாத சேமிப்பகம்) எழுதுவதற்கானது, அதை நினைவகத்திலிருந்து ஓட்ட முடியாது. டிபி-லிங்க் மாதிரி இரண்டாவது வகை ரவுட்டர்கள் பல, வந்த கோப்பை நேரடியாக ஃபிளாஷில் எழுதிவிடும். அவற்றுக்கு ஃபேக்டரி என்று பெயருள்ள கோப்பு வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கோப்பின் அளவையும் பாருங்கள். சில கிலோபைட்தான் இருக்கிறது என்றால், ஃபர்ம்வேருக்குப் பதிலாகப் பதிவிறக்கப் பக்கத்தையே சேமித்திருக்கிறீர்கள். தளத்தில் கொடுத்திருக்கும் ஷா256 எண்ணோடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டுவிட்டால் இந்தச் சந்தேகமே வேண்டாம். யூ-பூட் என்ற பூட்லோடரின் பழைய வடிவக் கோப்பு என்றால் ஹெக்ஸ் எடிட்டரில் முதல் நான்கு பைட் 27 05 19 56 என்று இருக்கும்.

மைக்ரோடிக்கின் நெட்இன்ஸ்டால் என்ற ஃபர்ம்வேர் ஏற்றும் மென்பொருளில் இதே சிக்கல் வேறு மாதிரி வரும். ரவுட்டர் பட்டியலில் தெரியும், ஆனால் பேக்கேஜ் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. பேக்கேஜின் கட்டமைப்பு ரவுட்டரின் சிப்போடு பொருந்தவில்லை என்பதுதான் காரணம். ஆர்ம், ஆர்ம்64, மிப்ஸ்பிஇ, எம்மிப்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு உண்டு. நெட்இன்ஸ்டாலே சர்வராக இருப்பதால், அது ஓடும்போது டிஎன்எஸ்மாஸ்கையோ டிஎஃப்டிபிடி64-ஐயோ கூட ஓட்டாதீர்கள். மூன்றும் ஒரே போர்ட்டுக்கு அடித்துக்கொள்ளும்.

தள்ளும் வகை ரவுட்டருக்கு

மூன்றாவது வகையில் வாய்ப்பு கிடைக்கும் நேரம் மிகக் குறைவு, பழைய மாடல்களில் ஓரிரு விநாடிதான். லேப்டாப்பிலிருந்து ரவுட்டரின் முகவரிக்கு இடைவிடாமல் பிங் ("இருக்கிறாயா?" என்று கேட்கும் கட்டளை) ஓடவிட்டு மின்சாரம் கொடுங்கள். பிராட்காம் சிப் உள்ள பழைய ரவுட்டர்களில் ஓர் அடையாளம் உண்டு: பதிலில் டிடிஎல் என்ற எண் 100 என்று வந்தால் பேசுவது பூட்லோடர், 64 என்று வந்தால் ஃபர்ம்வேர் எழுந்துவிட்டது, வாய்ப்பு போய்விட்டது. 100 தெரிந்ததும் கோப்பை டிஎஃப்டிபி வழியாக அனுப்புங்கள். பைனரி முறையில் அனுப்ப வேண்டும். எழுத்து முறையில் போனால் கோப்பு சிதைந்துவிடும். விண்டோஸில் டிஎஃப்டிபி கிளையன்ட் இயல்பாக அணைந்திருக்கும், விண்டோஸ் வசதிகள் பட்டியலில் போய் முதலிலேயே போட்டு வையுங்கள்.

இந்த வகைக்கு ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: அனுப்பி முடித்ததும் ரவுட்டர் ஃபிளாஷில் எழுதிக்கொண்டிருக்கும். பல நிமிடம் ஆகலாம், லைட்டில் எந்த மாற்றமும் தெரியாமல் போகலாம். அந்த நேரத்தில் மின்சாரத்தைப் பிடுங்கிவிடாதீர்கள்.

சீரியல் கன்சோல்

மேலே சொன்ன எதிலும் வழி கிடைக்கவில்லை என்றால், ரவுட்டரைத் திறந்து உள்ளே இருக்கும் சீரியல் பின்களில் இணைக்க வேண்டும். கேபிளில் பேச்சே தொடங்காத ரவுட்டரும் இங்கே தன் குறையைச் சொல்லும். பெரும்பாலும் 115200 வேகம், 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். யூஎஸ்பி மாற்றி 3.3 வோல்ட் வகையாக இருப்பது கட்டாயம். 5 வோல்ட் கொடுத்தால் சிப் போய்விடும். தரை, அனுப்பும் பின், பெறும் பின் மூன்றை மட்டும் இணையுங்கள். ஒன்றின் அனுப்பும் பின் மற்றதன் பெறும் பின்னுக்குப் போக வேண்டும். மின்சாரப் பின்னை இணைக்காமல் விட்டுவிடுங்கள்.

யூ-பூட்டில் கோப்பு ஒழுங்காக வந்தால் # குறிகள் வரிசையாக ஓடும். ஆங்கில டி எழுத்து திரும்பத் திரும்ப வந்தால் காலாவதி, சர்வரிடமிருந்து பதில் வரவில்லை. ஏஆர்பி முயற்சி எண்ணிக்கை தாண்டிவிட்டது என்று வந்தால் சர்வர் முகவரியில் யாருமே இல்லை. மேஜிக் எண் (கோப்பின் தொடக்கத்தில் உள்ள அடையாள எண்) தவறு என்றால் கோப்பின் வகை தவறு. சிஆர்சி (கோப்பு கெடவில்லை என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்) தவறு என்றால் கோப்பு வழியில் கெட்டுவிட்டது, அல்லது நினைவகத்தில் தவறான இடத்தில் ஏற்றப்பட்டு வேறு ஏதோ அதன் மேல் எழுதிவிட்டது.

எழுந்த பிறகு

இனிட்ராம்எஃப்எஸ் வழியாக எழுந்த ரவுட்டர் நினைவகத்தில் மட்டும்தான் ஓடுகிறது. அணைத்தால் எல்லாம் போய்விடும், ஃபிளாஷில் இன்னும் பழையதுதான் இருக்கிறது. உடனே சிஸ்அப்கிரேட் செய்ய அவசரப்படாமல், ஃபிளாஷின் எல்லாப் பகுதிகளையும் லேப்டாப்புக்கு நகலெடுத்து வையுங்கள். ரேடியோவின் அளவீட்டுத் தரவு உள்ள பகுதி குறிப்பாக முக்கியம். அது ஒவ்வொரு ரவுட்டருக்கும் தொழிற்சாலையில் தனியாக அளந்து எழுதப்பட்டது. அழிந்துவிட்டால் வேறு எங்கிருந்தும் இறக்க முடியாது, வைஃபை பழைய நிலைக்குத் திரும்பாது. மைக்ரோடிக் என்றால் உரிமச் சாவியையும் சேமியுங்கள். நகல்களைத் திறந்து, அளவு சுழியமாக இல்லை என்று பார்த்த பிறகு சிஸ்அப்கிரேட் கோப்பை ஏற்றலாம்.

ரவுட்டர் தன் ஃபிளாஷிலிருந்து தானாக எழுந்ததும், லேப்டாப்பில் சர்வரை நிறுத்துங்கள், கம்பி கார்டின் முகவரியைத் தானியங்கிக்கு மாற்றுங்கள், ஃபயர்வாலைப் போடுங்கள். சர்வர் தானாகத் தொடங்கும்படி அமைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். டிஹெச்சிபி ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பை அலுவலக நெட்வொர்க்கில் சொருகினால், அங்கே இருப்பவர்களுக்கெல்லாம் அது தவறான முகவரி கொடுக்க ஆரம்பித்துவிடும்.